ஞானத்தகப்பன் பேரையும் எழுதுங்கள்

ஓசூரில் இருக்கும் அண்ணன் மகன் தன் குழந்தையின் ஞானஸ்நானப் பத்திரிகை மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மேலே தங்க எழுத்தில் ‘ஏழு தலைமுறைக் கிறிஸ்தவப் பாரம்பரியம்’. தபால் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் விலாசம் சரிபார்த்தவள் நான். “யாருடா எண்ணினது?” என்று கேட்டேன். “எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க அத்தை” என்றான். எண்ணிப் பார்க்க, தாத்தா வாழ்ந்த ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

நீங்களும் எண்ணுவதென்றால் கோயிலில் ஆரம்பிக்காதீர்கள், வீட்டில் ஆரம்பியுங்கள். “நாம எப்ப வேதத்துக்கு வந்தோம்?”, அதாவது எப்போது கிறிஸ்தவர் ஆனோம் என்று பெரியவர்களிடம் கேட்டால் “அந்தக் காலத்துலயே” என்று முடித்துவிடுவார்கள். “தாத்தாவை எங்க அடக்கம் பண்ணினாங்க? அப்பாவுக்கு ஞானத்தாய் யாரு?” என்று கேளுங்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்தான் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும். அப்போதுதான் கதை வரும். இதற்குத் தோதான நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சொந்தமெல்லாம் மெழுகுவர்த்தியோடு ஒரே இடத்தில் நிற்கும். எங்கள் சித்தி ஒரு கல்லறையைத் துடைத்துக்கொண்டே சொன்ன இரண்டு பேர்கள்தான் எனக்குத் துப்பு.

அடுத்தது பங்குப் பதிவேடு; பங்கு என்றால் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரம். உத்தேச வருஷம் தெரியாமல் போகாதீர்கள். எந்தப் பங்குத்தந்தையும் நூறு வருஷத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார மாட்டார். ஞாயிறு பூசை முடிந்த கையோடும் போகக் கூடாது. வார நாளில், முன்கூட்டிக் கேட்டு, கையில் ஒரு கடிதத்தோடு போங்கள். உங்கள் ஊர்க் கோயில் புதிதாகக் கட்டியதென்றால், அதற்கு முன் எந்தப் பங்கின் கிளையாக இருந்தது என்று விசாரியுங்கள். ஆயர் ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட சேலம் மறைமாவட்டமே 1930-ல் உண்டானதுதான். தருமபுரி அதிலிருந்து 1997-ல் பிரிந்தது. சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை உண்டானது 1947-ல்; அந்தக் குடும்பங்கள் அதற்கு முந்தியதை லண்டன் மிஷன் ஏடுகளில் தேட வேண்டும். அந்த மிஷன் சேலத்துக்கு வந்தது 1827-ல்.

பதிவேட்டை செல்போனில் படம் எடுக்காதீர்கள். அதே பக்கத்தில் இன்னொரு வீட்டின் ரகசியம் இருக்கும். உங்கள் வரியை மட்டும் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கத்தோலிக்க ஏடு லத்தீனில் இருக்கும், அதுவும் பிரெஞ்சுக் குருக்களின் கோழிக் கிறுக்கலில். பயப்பட வேண்டாம், மூன்று சொல் போதும்: ‘நாத்துஸ்’ பிறந்தது, ‘பாப்திஸாவி’ ஞானஸ்நானம் கொடுத்தேன், ‘பத்ரினுஸ்’ ஞானத்தகப்பன். பேர்தான் ஏமாற்றும். வீட்டில் ராயப்பன் என்றால் ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், பெலவேந்திரன் அந்த்ரேயாஸ், முடியப்பன் ஸ்தெபானுஸ். ஸ்தெபானுஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு முடி, கிரீடம் என்று பொருள்; அதை முடியப்பர் ஆக்கியவருக்கு ஒரு கும்பிடு! நான் ‘ராயப்பன்’ என்று இரண்டு மணி நேரம் தேடிவிட்டு, பிறகுதான் பெத்ருஸைப் பிடித்தேன். ஓரத்தையும் பாருங்கள். உறுதிபூசுதலும் கல்யாணமும் ஞானஸ்நான வரிக்குப் பக்கத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வேறு ஊரில் தாலி கட்டினவரின் சேதிகூட அங்கே கிடைக்கலாம்.

தாத்தாவின் வரி 1931. வயது இருபத்திரண்டு. அப்பா அம்மா இருவருக்கும் வேதப் பேர் இல்லை, குலசாமி பேர்தான். ஆக அவர்தான் முதல் ஆள், காப்பித் தோட்டத்துக் கூலி ஆள். பத்திரிகையின் ஏழு அங்கேயே ஐந்தாகிவிட்டது. பேருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதியிருந்தது. அதை விட்டுவிடச் சொன்னார் அண்ணன், நான் விடவில்லை. 1950-ன் ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதியில் இடமில்லை. அதனால்தான் பல வீடுகளில் கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூட டி.சி.யில் இன்னொரு பேர். தேடும்போது இரண்டு பேரிலும் தேடுங்கள். அதில் வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பேரைச் சுமந்தவர் இல்லை. மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சத்தை எழுதும்போதே தாமார், எரிகோவின் இராகாபு, மோவாபிய ரூத்து என்று யாரையும் மறைக்காமல்தானே எழுதியிருக்கிறார்.

என்னை உலுக்கியது வேறு. தாத்தாவின் பத்ரினுஸ் பேர் மேல்வரியிலும் இருந்தது, கீழ்வரியிலும் இருந்தது. அன்று ஒரே நாளில் பதினொரு பேருக்கு அதே ஆள் ஞானத்தகப்பன். சித்தியிடம் கேட்டேன். “உபதேசியாரு. லாந்தரை எடுத்துக்கிட்டு லயத்துக்கு லயம் வந்து செபம் சொல்லிக் கொடுப்பாராம்” என்றாள். லயம் என்றால் தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகள். அவருக்கும் எங்களுக்கும் ரத்த சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆனால் 1917-ன் திருச்சபைச் சட்டத்தில் ஞானத்தகப்பனும் ஞானப்பிள்ளையும் கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தடை இருந்தது. அதை அவ்வளவு நெருங்கிய உறவாக வைத்திருந்தார்கள். நம் வீடுகளில் ஞானத்தகப்பன் வேலை ஒரு மோதிரத்தோடு முடிந்துவிடுகிறது.

அதனால் எழுதும்போது நோட்டின் இடப்பக்கம் பெற்றவர் வரிசையை எழுதுங்கள், வலப்பக்கம் ஞானப்பெற்றோர் வரிசையை. வலப்பக்கம் தான் விசுவாசம் வந்த வழி. அதற்கு மேல் உபதேசியாருக்கு ஞானத்தகப்பன் யார் என்று தேடிப் போனால் வேறு ஊர், வேறு சாதி, வேறு பங்கு என்று போகும். போகட்டும், போய்ப் பாருங்கள். வேதத்துக்கு வராத கிளையையும் எழுதுங்கள். தாத்தாவின் தம்பி வழியினர் இன்றும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மே மாதம் மலையேறுகிறவர்கள். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கறிக்குழம்புக்கும் தவறாமல் வருகிறவர்கள்.

அண்ணன் மகன் மடக்கினான்: “பவுலடியாரே தன் பெஞ்சமின் குலத்தையெல்லாம் சொல்லிட்டு, குப்பைன்னு தள்ளிட்டாரே அத்தை, பிலிப்பியர்ல?” உண்மைதான். ஆனால் அவர் தன் குலம் என்னவென்று தெரிந்துகொண்டு தள்ளினார். நீ தெரியாமலே தங்க எழுத்தில் அச்சடிக்கப் பார்க்கிறாய் என்றேன்.

பத்திரிகையில் ‘ஏழு தலைமுறை’ என்ற வரியை அடித்துவிட்டான். அந்த இடத்தில் உபதேசியார் பேரைப் போடலாமா என்று பிரஸ்காரரிடம் கேட்டிருக்கிறான். எழுத்தைச் சின்னதாக்கினால் இடம் இருக்கிறதாம். குழந்தைக்கு இன்னும் ஞானத்தகப்பன் முடிவாகவில்லை.