மனைவிக்குப் பழைய ஜிப்ஸி வாங்கினேன்: கடலோரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

என் மனைவி கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களோடு வேலை பார்ப்பவர். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊரில் தொடங்கித் தொண்டி வரைக்கும் கரையோர ஊர்கள். தார் ரோடு முடிந்தபிறகும் மணலில் கொஞ்ச தூரம் போனால்தான் பாசி காயவைக்கும் இடம் வரும். ஸ்கூட்டர் பாதியில் புதைந்து நின்றுவிடும். அதனால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்றை வாங்கினேன். வாங்கி இரண்டு மழைக்காலம் ஆகிறது. நான் செய்த தவறுகளும், மெக்கானிக் ஷெட்டில் காத்துக் கிடந்த நாட்களில் மற்றவர்கள் செய்து நான் பார்த்த தவறுகளும் சேர்ந்ததுதான் இது.

முதல் தவறு முழுக்க என்னுடையது. வண்டி அவருக்கு என்று சொல்லிவிட்டு, நண்பரோடு போய் நானே ஓட்டிப் பார்த்து, நானே விலை பேசி முடித்தேன். வீட்டு வாசலில் அவர் ஏறி உட்கார்ந்தார். கிளட்சை முழுதாக மிதிக்கக் கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளலாம் என்றால் அடியில் இருக்கும் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. "ஏங்க, இது எனக்கு வாங்குன வண்டியா, உங்களுக்கா?" என்றார். சீட் தண்டவாளம், கிளட்ச் கேபிள், பிறகு ஸ்டியரிங் என்று செலவு வரிசையாக வந்தது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை ஓடும்போது திருப்புவது வேறு. ராமநாதபுரம் பஜாரில் ஆட்டோக்களுக்கு நடுவே நின்ற இடத்தில் திருப்புவது வேறு. ஓட்டப்போகிறவர் சேலையோடு ஏறி இறங்கட்டும், ரிவர்ஸ் எடுக்கட்டும், ஒரு சந்துக்குள் திருப்பட்டும். முன்பணம் அதற்கு அப்புறம்.

அடுத்தது துரு. இங்கே பழைய வண்டி வாங்குவது என்றால் பாதி துருவை விலைக்கு வாங்குவதுதான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கும் இதே அரிப்புதான் காரணம். ரயில் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் ஜிப்ஸியின் தகடு எம்மாத்திரம்?

விற்பவர் வண்டியைப் பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார். மேலே பார்க்காதீர்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சக்கரத்துக்கு மேல் வளைவு, கதவின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவினால் உள்ளே தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிப் பசைதான். அப்புறம் பாய் விரித்து அடியில் படுத்து, சிறு சுத்தியால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்னும், அரித்தது 'தொப்' என்னும். எங்கள் வண்டியில் பின்பக்கம், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் லேசாகக் கீறியதும் காய்ந்த மீன் செதில் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. இதை நான் பார்த்தது வாங்கிய பிறகு! அடிப்பாகத்தில் புதிதாகக் கருப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவை எடுக்காமல் மேலே பூசினால் அது உள்ளேயே தின்னும்.

தரை விரிப்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் பல வண்டிகள் மீன் பெட்டி ஏற்றியவை. ஐஸ் கரைந்து வழியும் மீன் தண்ணீர் விரிப்புக்கு அடியில் தேங்கித் தரைத் தகட்டை ஓட்டை போட்டுவிடும். மூக்கே சொல்லிவிடும். டேஷ்போர்டில் ஊதுபத்தி மணம் தூக்கலாக இருந்தால் இன்னும் நன்றாக மோந்து பாருங்கள்.

ராமநாதபுரத்தில் பதிவான டிஎன்-65 வண்டியே வேண்டாம், நீலகிரி மலைப்பக்கத்து டிஎன்-43 வண்டி வாங்கு என்று சிலர் சொல்வார்கள். உப்பு அரிப்பு குறைவாக இருக்கும், உண்மைதான். ஆனால் எஸ்டேட்டில் உழைத்த வண்டி என்றால் கியர், கிளட்ச் எல்லாம் தேய்ந்திருக்கும். அரித்த தகடு மாற்றுவதைவிட அவற்றை மாற்றுவது மலிவு என்பது என் கணக்கு.

ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்று தார் ரோட்டில் சோதிப்பது இன்னொரு தவறு. இந்தப் பழைய வண்டிகளில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே, இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. பிடிமானமான ரோட்டில் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மணலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருப்பி அச்சோடு பூட்டும் வகை என்றால் அதைப் பூட்டிவிட்டுப் பாருங்கள். ஹப்பைப் பூட்டாமலே லிவரைப் போட்டு, 'இழுக்கவில்லை' என்று நல்ல வண்டியைத் திருப்பி அனுப்பியவரை நான் பார்த்திருக்கிறேன்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக: ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நேரில் ஒப்பிடுங்கள். அதிகம் அரிக்கும் இடத்தில்தான் சேசிஸ் எண் மங்கிப்போயிருக்கும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் தீர்ந்த வண்டி என்றால் 35. வேறு மாநிலத்து வண்டி என்றால் 28-உம் மறுபடி சாலை வரியும். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் புதிய பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மனைவி ஓட்டும் வண்டி, மனைவி பெயரிலேயே இருக்கட்டும்.

பழுது பார்க்கும்போது இங்கே எல்லோரும் செய்யும் தவறு தண்ணீரில்தான். மணலில் போய்வந்ததும் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும், சரி. எதில் கழுவுகிறோம்? எங்கள் பக்கத்து வாட்டர் சர்வீஸில் அடிப்பது போர் தண்ணீர். வாயில் வைத்தாலே கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத்தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, போகாத இடுக்குக்கெல்லாம் அனுப்பிவைக்கிறோம். இப்போது மாதம் இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். குடிக்கக் குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் வண்டி கழுவுகிறாயா என்று அம்மா திட்டுவார். அதற்காகவே மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன். ரேடியேட்டரிலும் அதே போர் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். திறந்து பார்த்தால் டீ டிகாக்‌ஷன் நிறம், குழாயெல்லாம் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

மழைக்கு முன் அடியில் வேஸ்ட் ஆயில் அடிப்பதும் பழக்கம். மணல் அதில் அப்பிக்கொள்ளும், ரப்பர் புஷ் ஊறிக் கெடும். மெழுகு வகைக் கோட்டிங் அடியுங்கள். சேசிஸில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

அழகுபடுத்தும் ஆசை எனக்கும் வந்தது. பெரிய டயர், மேலே எல்இடி பார், முன்னால் கம்பித் தடுப்பு. மெக்கானிக் தம்பி வண்டியைத் தூக்கி, பச்சை பூத்த எர்த் ஒயரையும் துருவேறிய பிரேக் பைப்பையும் காட்டி, "அண்ணே, அக்கா ஓட்டப்போறாங்க, முதல்ல நிக்கட்டும்" என்றான். பட்ஜெட் அங்கேயே போனது. முன்கம்பித் தடுப்பு 2017 டிசம்பரிலிருந்து மத்திய அரசு தடைசெய்தது. அளவுக்கு மீறிய டயர் போட்டால் இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். அந்தப் பணத்துக்குப் பக்கவாட்டில் உற்பத்தித் தேதி பார்த்துப் புது டயர் வாங்குங்கள். 2318 என்று இருந்தால் 2018-ன் 23-வது வாரம்.

மணலில் ஓட்டும்போது சக்தியைவிடக் காற்றுதான் முக்கியம். ரோட்டுக்குரிய காற்றோடு மணலில் இறங்கி, சக்கரம் சுழன்றதும் இன்னும் மிதிப்பார்கள். வண்டி அச்சு வரை புதையும். டயரின் காற்றழுத்தத்தை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் பரந்து மேலே நிற்கும். சுழன்றால் காலை எடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் வர வேண்டும். என் மனைவி ஒரு வாரத்தில் பழகிவிட்டார், எனக்கு இன்னும் அவசரம். அலையோரத்தில் ஓட்டும் ஆசை மட்டும் வேண்டாம். தனுஷ்கோடிப் பக்கம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை முட்டையிடும் காலம், மணலுக்குள் எது இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது.

காற்றை இறக்கினால் திரும்ப ஏற்றவும் வேண்டுமே. பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று எங்கள் வண்டியில் எப்போதும் கிடக்கும். முதல் மாதம் அது இல்லாமல் போய், தளர்ந்த டயரோடு தேவிபட்டினத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்தது நான்தான். பக்கத்து சீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.