ஃபார்முலேஷன் பொருள்களை வடிவமைக்க விரும்புவோர் வேதிப் பொறியியல் முதுநிலைப் படிப்பைத் தேர்ந்து பயில்வது எப்படி?

ஷாம்பு, சுவர் வண்ணப்பூச்சு, முகப்பூச்சுக் கிரீம், வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, மாத்திரை, அச்சு மை, மின்கலத் தகட்டின் மீது பூசப்படும் குழம்பு ஆகிய எவையும் ஒற்றைச் சேர்மங்கள் அல்ல. பல மூலப்பொருள்களைக் குறிப்பிட்ட அளவிலும் வரிசையிலும் சேர்த்து, அவற்றுக்குள் துளி, துகள், குமிழி, படிகம் என்று ஒரு நுண்ணமைப்பை உருவாக்கி, அந்த நுண்ணமைப்பு பயன்படுத்துபவரின் கையில் எதிர்பார்த்த வேலையைச் செய்யும்படி அமைத்த பொருள்கள் இவை. தொழில் வட்டாரத்தில் இவற்றை ஃபார்முலேஷன் என்றே அழைக்கிறார்கள். வேதிப் பொறியியலின் இளநிலைப் பாடத்திட்டமோ பெட்ரோலியச் சுத்திகரிப்பு, உரம், கந்தக அமிலம் போன்ற பேரளவுத் தொழில்களை ஒட்டி வளர்ந்தது. அதனால், காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்கு எத்தனை தட்டுகள் தேவை என்று கணக்கிடத் தெரிந்த பட்டதாரி, ஒரு கிரீமில் மூன்றாம் மாதம் ஏன் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது என்று கேட்டால் தடுமாறுவது இயல்பு. அந்த இடைவெளியை முதுநிலைப் படிப்பால் நிரப்ப நினைப்பவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், சேருமுன்னும் சேர்ந்த பின்னும் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

செய்முறையும் பொருளின் ஒரு பகுதிதான்

சரியான மூலப்பொருள் பட்டியலைக் கண்டுபிடித்துவிட்டால் ஃபார்முலேஷன் முடிந்துவிடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். தலைமுடிக் கண்டிஷனரை எடுத்துக்கொள்வோம். நீர், சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் என்னும் கொழுப்பு ஆல்கஹால்கள், நேர்மின் சுமையுள்ள ஒரு சர்ஃபாக்டன்ட் (எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட பரப்பில் சேரும், சோப்பு போன்ற பொருள்) ஆகியவையே அதில் பெரும்பகுதி. இவற்றை 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் கலந்து குளிர்விக்கும்போது, கொழுப்பு ஆல்கஹாலும் சர்ஃபாக்டன்ட்டும் சேர்ந்து அடுக்கடுக்கான தகடுகளாக அமைந்து, நீரைத் தமக்கிடையே பிடித்துக்கொள்கின்றன. கண்டிஷனரின் கெட்டித்தன்மை அந்த அடுக்கமைப்பிலிருந்தே வருகிறது. குளிர்விக்கும் வேகத்தை மாற்றினாலோ, அடுக்குகள் இறுகிய பிறகும் கலக்கியை வேகமாகச் சுழற்றினாலோ, மூலப்பொருள்களும் எடை விகிதமும் அப்படியே இருக்கும்போதே தளர்ந்து ஒழுகும் வேறொரு பொருள் கிடைக்கக்கூடும். ஆய்வகத்தில் நன்றாக வந்த கண்டிஷனர் ஆலையில் கெட்டுப்போவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

இதற்குப் பின்னே உள்ள கணக்கு எளியது. 1 லிட்டர் கலனை அதே வடிவத்தில் 1,000 லிட்டர் கலனாகப் பெருக்கினால் நீள அகலங்கள் 10 மடங்காகின்றன; சுவரின் பரப்பு 100 மடங்குதான் கூடுகிறது. ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்ந்த சுவர் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், ஆய்வகத்தில் சில நிமிடங்களில் குளிர்ந்தது ஆலையில் மணிக்கணக்கில் குளிர்கிறது. கலக்குவதிலும் இதே சிக்கல் உண்டு. கொந்தளிப்பான ஓட்டத்தில், கலக்கியின் முனை வேகத்தை மாறாமல் வைத்தால் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். லிட்டருக்கான ஆற்றலை மாறாமல் வைத்தால் முனை வேகம் இரு மடங்குக்குச் சற்று மேல் உயர்ந்துவிடும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. எந்தப் பொருளுக்கு எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் திறனே இப்படிப்பில் ஒரு பொறியாளர் பெற வேண்டிய முதன்மையான திறன் என்பது என் கருத்து. ஒரு படிப்பு தகுதியானதா என்று அளக்க, அது நுண்ணமைப்பையும் செய்முறையையும் இணைத்துக் கற்பிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாடத்திட்டத்தைப் படிக்கும் முறை

படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் ஃபார்முலேஷன் பொறியியல் என்ற பெயரிலேயே தொழில் நிறுவனங்களோடு இணைந்த பொறியியல் முனைவர் பயிற்சியை நடத்தி வந்திருக்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் துறையில் கூழ்மங்கள், பாலிமர்கள், பரப்புகள் என்ற தலைப்பில் முதுநிலைப் படிப்பு உண்டு. வேறு பல இடங்களில் இதே பாடங்கள் பொருளறிவியல், மருந்தாக்கவியல், துகள் தொழில்நுட்பம் ஆகிய பெயர்களின் கீழ் ஒளிந்திருக்கும். பெயரில் ஃபார்முலேஷன் இருந்தும் உள்ளே பொதுவான வேதிப் பொறியியல் மட்டுமே உள்ள படிப்புகளும் இல்லாமலில்லை. ஆகவே, பாடங்களின் விரிவான அட்டவணையைக் கேட்டு வாங்கி, வாரவாரியாக என்ன நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கூழ்ம அறிவியலில் (நுண்ணிய துகளோ துளியோ வேறொரு பொருளில் பரவி நிற்கும் அமைப்புகளைப் பற்றிய பாடம்), டெர்யாகின், லாண்டாவ், வெர்வே, ஓவர்பீக் ஆகியோர் 1940-களில் வகுத்த கோட்பாடு கட்டாயம் இருக்கும். துகள்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன, எப்போது விலகி நிற்கின்றன என்பதை அது விளக்குகிறது. பால்மங்களுக்கு (எண்ணெயும் நீரும் துளிகளாகக் கலந்து நிற்கும் கலவைகள்) 1949-இல் கிரிஃபின் முன்வைத்த ஹெச்.எல்.பி. எண்ணோடு (சர்ஃபாக்டன்ட்டின் நீர் நாட்டத்துக்கும் எண்ணெய் நாட்டத்துக்கும் இடையே உள்ள சமநிலையைக் காட்டும் எண்) பாடம் நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். அந்த எண் வெப்பநிலையையும் உப்பையும் எண்ணெயின் இயல்பையும் கணக்கில் கொள்வதில்லை. அவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஹெச்.எல்.டி. முறையையும், கரைப்பான் தேர்வுக்கான ஹான்சன் அளவுருக்களையும் கற்பிக்கும் இடம் ஒரு படி மேலானது.

பொருள்கள் எப்படிப் பாய்கின்றன, உருமாறுகின்றன என்று ஆராயும் பாய்வியலுக்கு எத்தனை வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது நான் முதலில் பார்க்கும் இடம். பாகுநிலை என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு எந்தக் கிரீமையும் விவரித்துவிட முடியாது. புட்டிக்குள் துகள் மெல்ல அடியில் படியும்போது ஷியர் வீதம் (அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு விரைவாக வழுக்குகின்றன என்ற அளவு) நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். தோலில் தேய்க்கும்போது அது பத்தாயிரத்தைத் தாண்டும். ஒரே பொருள் முதல் நிலையில் திடப்பொருள்போல் துகளைத் தாங்கவும், இரண்டாம் நிலையில் நீர்போல் பரவவும் வேண்டும். வண்ணப்பூச்சுக்கு இவற்றுக்கு நடுவே இன்னொரு தேவை உண்டு: தூரிகை விட்ட கோடுகள் சமனாகும் அளவுக்கு அது இளகியிருக்க வேண்டும், ஆனால் சுவரில் வழிந்துவிடக் கூடாது. இத்தகைய முரண்பட்ட தேவைகளை எண்களாக மாற்றி, தொடக்கத் தகைவு (பாயத் தொடங்கத் தேவையான அழுத்தம்), ஷியரில் இளகும் தன்மை, மீண்டு இறுகும் நேரம் என்று பிரித்து அளக்கக் கற்றுத்தராத படிப்பு இத்துறைக்குப் போதாது. பாய்ம இயக்கவியல் பாடத்தின் கடைசி இரண்டு வகுப்புகளில் இதை முடித்துவிடுகிறார்கள் என்றால் வேறிடம் தேடலாம்.

புள்ளியியலைப் பலர் விருப்பப் பாடமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். கலவையில் கூறுகளின் கூட்டுத்தொகை எப்போதும் 100 விழுக்காடு என்பதால், ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று தானாகக் குறையும். ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே மாற்றிப் பார்க்கும் பழக்கமான முறை இங்கே தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். 1958-இல் ஷெஃபே அறிமுகப்படுத்திய கலவை வடிவமைப்பு முறை இதற்கென்றே உருவானது. பரிசோதனை வடிவமைப்பு என்ற பாடத்தில் இப்பகுதி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

ஆய்வகத்தில் என்ன பார்க்க வேண்டும்

சுழல் ரியோமீட்டர் (பாயும் தன்மையை அளக்கும் கருவி), லேசர் ஒளிச்சிதறல் வழியே துளி அளவை அளக்கும் கருவி, பரப்பு இழுவிசை மானி, முனைவுற்ற ஒளி நுண்ணோக்கி, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட நிலைப்புத்தன்மை அறைகள் ஆகியவை அடிப்படைத் தேவைகள். இவை இன்றி வேலை நடக்காது. மின்னணு நுண்ணோக்கி இருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் பலர். வெப்ப உறையும் உயர் ஷியர் கலக்கியும் பொருத்திய 10 அல்லது 20 லிட்டர் கலன் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. பீக்கரிலேயே தொடங்கிப் பீக்கரிலேயே முடியும் பயிற்சி, மேலே சொன்ன பெருக்கச் சிக்கலை மாணவரின் கண்ணில் காட்டவே காட்டாது. அக்கருவிகளை மாணவரே இயக்கலாமா, மாதிரியைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்பதையும் தற்போது படிப்பவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சேருமுன் செய்ய வேண்டியவை

வேதிப் பொறியியல் பட்டதாரிக்குப் பரப்பு வேதியியலும் கரிம வேதியியலும் துருப்பிடித்திருக்கும். வேதியியல் அல்லது மருந்தாக்கவியல் பட்டதாரிக்கு வெப்பக் கடத்தலும் பாய்ம இயக்கவியலும் புதிதாக இருக்கும். எது குறையோ அதை விண்ணப்பிப்பதற்கு முன்பே ஓரளவு படித்துவிடுவது முதல் பருவத்தின் சுமையைக் குறைக்கும்.

நோக்க அறிக்கை எழுதும்போது, பெரும்பாலானோர் இத்துறையின் எதிர்காலத்தைப் பற்றிப் பொதுவாகப் புகழ்ந்து எழுதுகிறார்கள். தேர்வுக் குழுவுக்கு அதனால் எதுவும் விளங்குவதில்லை. சிறிய சோதனை ஒன்றைச் செய்து, அதை விளக்கி எழுதுவது மேல். உதாரணமாக, சோடியம் லாரில் ஈதர் சல்ஃபேட் கரைசலில் சமையல் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அது சிறு துளையுள்ள குவளையிலிருந்து வடிய எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். முதலில் கரைசல் தடிக்கும். ஓர் உச்சத்தைத் தொட்ட பின், மேலும் உப்பிட்டால் மீண்டும் இளகும். உப்பு சர்ஃபாக்டன்ட் தலைகளுக்கிடையே உள்ள மின்விலக்கத்தைக் குறைப்பதால், கோள வடிவ மிசெல்கள் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகளின் திரள்கள்) நீண்ட புழு வடிவம் பெற்று ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அளவு மீறும்போது அவை கிளைவிட்டு, சிக்கல் எளிதில் நழுவத் தொடங்குகிறது. இந்த வளைவை வரைந்து, வெப்பநிலையை மாற்றினால் உச்சம் எங்கே நகரும் என்ற கேள்வியோடு முடிக்கும் ஒரு பக்கம், பத்துச் சான்றிதழ்களை விட விண்ணப்பதாரரை நன்றாக அறிமுகப்படுத்தும்.

ஆய்வேட்டுத் தலைப்பு

ஓராண்டுப் படிப்பில் ஆய்வுக்குக் கிடைப்பது சில மாதங்களே. மருந்துகளுக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகளின்படி, 40 டிகிரி செல்சியஸ், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் நடத்தும் விரைவுச் சோதனைக்கே 6 மாதங்கள் வேண்டும். 25 டிகிரியில் நடத்தும் நீண்டகாலச் சோதனைக்குக் குறைந்தது 12 மாதங்கள் தேவை. எனவே, ஒரு பொருளின் ஆயுட்காலத்தைக் கண்டறிவதாகத் தலைப்பு வைத்தால் அது முடியாமலே போகும். வெப்பத்தைக் கூட்டிக் காலத்தைச் சுருக்கும் உத்தி எல்லா இடங்களிலும் செல்லாது என்பதையும் மறந்துவிடக் கூடாது: 45 டிகிரியில் கொழுப்புப் படிகம் உருகத் தொடங்கினாலோ, எத்தாக்சிலேற்றம் பெற்ற சர்ஃபாக்டன்ட் தன் நீர்ப் பிடிப்பை இழந்து பால்மம் தலைகீழானாலோ, அங்கே அளக்கப்படுவது அறை வெப்பநிலையில் நடக்கவே நடக்காத ஒரு சிதைவு.

இதற்கு மாறாக, ஒரு நுட்பத்தைத் தனிமைப்படுத்தும் தலைப்பு உரிய காலத்தில் முடியும். ஸ்டோக்ஸ் விதிப்படி மிதக்கும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 10 மைக்ரோமீட்டர் துளியை 1 மைக்ரோமீட்டராக்கினால் பிரிதல் 100 மடங்கு மெதுவாகும். ஆனால் துளி மிகச் சிறிதானால், சிறியவை கரைந்து பெரியவை வளரும் ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி தலைதூக்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட எண்ணெய்க்கு எந்த அளவு பொருத்தம் என்ற கேள்வியே ஒரு முழுமையான ஆய்வேடு ஆகும். விதிமுறை மாற்றங்களும் நல்ல தலைப்புகளைத் தருகின்றன. வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண் பிளாஸ்டிக்குகளுக்கு 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு, துணி மென்மையாக்கியில் நறுமணத்தைச் சுமக்கும் பாலிமர் உறைகளுக்கு மக்கிப்போகும் மாற்று தேவைப்படுகிறது; வாசனையைக் கசியவிடாமல் மாதக்கணக்கில் காத்து, உராயும்போது உடைந்து, பின்னர் மக்கவும் செய்யும் உறை எளிதில் கிடைப்பதில்லை.

தொழில் நிறுவனம் பணம் தரும் ஆய்வில் உண்மையான சிக்கல்களும் ஆலைக் கருவிகளும் கிடைக்கும். ஆய்வுப் பதவியை நாடுபவர்களுக்கு முனைவர் பட்டமும், ஆலையையும் தயாரிப்பையும் விரும்புபவர்களுக்கு முதுநிலையோ பொறியியல் முனைவர் பயிற்சியோ பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், நிறுவன ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் மூன்று பிரிவுகளை நெறியாளரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும்: ஆய்வேட்டை எத்தனை மாதங்கள் வெளியிடாமல் நிறுத்திவைக்கலாம், மூலப்பொருள்களின் உண்மைப் பெயர்களைத் தேர்வாளருக்குக் காட்டலாமா, காப்புரிமையில் மாணவரின் பெயர் இடம்பெறுமா. குறியீட்டு எண்களால் மறைக்கப்பட்ட மூலப்பொருள்களைக் கொண்டு எழுதிய ஆய்வேட்டை நேர்முகத் தேர்வில் விளக்க இயலாது. அதனால், பொதுச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்ட மாதிரி அமைப்பு ஒன்றையும் இணையாகச் செய்துபார்க்க ஒப்பந்தத்திலேயே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். அந்த மாதிரிக்கான குறிப்பேட்டில் எடைகளோடு சேர்க்கும் வரிசை, சுழற்சி வேகம், ஒவ்வொரு கட்டத்தின் வெப்பநிலை, குளிர்விக்க எடுத்த நேரம் ஆகியவற்றையும் பதிந்து வைத்தால், நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைத்துப் பேச அதுவே போதும்.