கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்: எந்தக் கடலில் இறங்குவது?

கப்பல் பயணிக்கு நாளை என்று ஒன்று கிடையாது. கடலோர ஓட்டலில் அறை எடுத்தவர் காலையில் எழுந்து பார்க்கிறார். அலை பெரிதாக இருந்தால், நாளைக்குக் குளித்துக்கொள்ளலாம் என்று காப்பி குடிக்கப் போய்விடுகிறார். கப்பலில் வந்தவரை எட்டு மணிக்கு இறக்கிவிடுவார்கள். நான்கு மணிக்கு அவர் திரும்ப ஏறியாக வேண்டும். மறுநாள் வேறு ஊர். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு முழுக்குக்கூடப் போடாமல் போவதா என்ற அந்த நப்பாசை இருக்கிறதே, கடலில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு அதுதான் தாய்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் போகத் தொடங்கியது. தெற்கே அம்பாந்தோட்டை, கிழக்கே திருகோணமலை, வடக்கே யாழ்ப்பாணப் பக்கம் காங்கேசன்துறை என்று மூன்று ஊர்கள். பயணத் திட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். துறைமுகங்கள் சேரும், விடுபடும். ஆனாலும் குளிக்க இடம் தேடுகிறவருக்கு இந்த மூன்றையும்போலப் பாடம் சொல்லும் ஊர்கள் குறைவு. தீவு ஒன்றுதான், வாரமும் ஒன்றுதான், கடல் மட்டும் மூன்று விதம். நான் குடும்பத்தோடு போனது ஒரு ஜூலை மாதம்.

படத்தைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுப்பது

இலங்கையின் சிறந்த கடற்கரைகள் என்று தேடினால் மிரிஸ்ஸ, உனவட்டுன, தங்காலை என்று தெற்குக் கரையின் பெயர்கள்தான் முதலில் வரும். பளிங்குபோல் தண்ணீர், சாய்ந்த தென்னை, ஊஞ்சல். படம் பொய்யில்லை. எந்த மாதத்தில் எடுத்தது என்பதைத்தான் அது சொல்வதில்லை. அந்தப் பளிங்குத் தண்ணீர் பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்டது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் நேராக வந்து மோதும். அப்போது அதே கரையில் மணல் கலங்கிய பழுப்பு நீரும் ஆளுயர அலையும்தான் இருக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கரை, அதாவது திருகோணமலைப் பக்கம், குளம்போல் கிடக்கும். நவம்பருக்குப் பிறகு எல்லாம் தலைகீழ்: வடகிழக்குக் காற்று கிழக்கைக் கலக்க, தெற்கு அடங்கிவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள வானிலைப் பாடம் படிக்க வேண்டியதில்லை. அங்கே காற்றுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தெற்கிலிருந்து வருவது சோளகம். கிழக்குக் கரையில், மேற்கேயிருந்து நிலத்தின் மேல் சூடேறி வருவது கச்சான். வடகிழக்கிலிருந்து மழையோடு வருவது வாடை. கப்பல் டிக்கெட்டில் இருக்கும் தேதிக்கு எந்தக் காற்று என்று தெரிந்தால் எந்தக் கரை என்பது பாதி தெரிந்த மாதிரி. கடற்கரையின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீதிப் பாதி அலை முன்னறிவிப்பு. இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. எல்லோரும் அலையின் உயரத்தைப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும், அதை விட்டுவிடுவார்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம் அது. 1 மீட்டர் அலை 5 விநாடிக்கு ஒன்று வந்தால் சத்தம்தான் பெரிது. அதே 1 மீட்டர் 15 விநாடிக்கு ஒன்று வந்தால், வெகு தொலைவில் அடித்த புயலின் வலுவைச் சுமந்து வருகிறது என்று பொருள். கரையை நெருங்கியதும் அது எழும்பி நிற்கும். அம்பாந்தோட்டைக்கு நேர் தெற்கே அண்டார்டிகா வரை நிலமே கிடையாது. அதனால் காற்றில்லாத நாளிலும் அந்த ஊரை அலை வந்து தேடிப் பிடிக்கும்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. கேரளத்துக் கடலோடிகள் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான்: மேலே வெயில், காற்று சும்மா இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் மூழ்கி இறந்தது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று போவது

கப்பலுக்கு ஆழம் வேண்டும். குளிப்பவருக்கு ஆழமின்மை வேண்டும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். அலைத்தடுப்புச் சுவர் கட்டிய இடத்தில் நீரோட்டம் சுவரை ஒட்டித் திரும்பிக் கடலுக்குள் ஓடும். சுவரோரம் எப்போதும் ஓர் இழுப்பு இருக்கும். மணலின் போக்கும் மாறிவிடும். சென்னைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். துறைமுகச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அந்த அகன்ற மெரினாவில் குளிக்கத் தடை என்பதும் ஊரறிந்தது.

இதற்கு விதிவிலக்கு திருகோணமலை. அது இயற்கைத் துறைமுகம். வளைந்து வளைந்து உள்ளே போகும் குடா. அந்தக் குடாவின் உள்மடிப்பில் விமானப்படையின் பராமரிப்பில் மார்பிள் பீச் இருக்கிறது. கட்டணம் உண்டு. அலை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போகலாம். திறந்த கடல்தான் வேண்டுமென்றால் நகரத்துக்கு வடக்கே முதலில் உப்புவெளி, இன்னும் தள்ளி நிலாவெளி. ஜூலையில் இரண்டும் சாது. நிலாவெளிக்கு எதிரே, படகில் போகும் தூரத்தில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளமும் கரும்முனைச் சுறாவும் பார்க்கலாம் (சுறா நம்மைக் கண்டால் ஒதுங்கிப் போகும், பவளம் ஒதுங்காது, காலைக் கிழிக்கும்). ஆனால் டிக்கெட், படகு, கூட்டம் என்று அரை நாள் ஓடிவிடும். கப்பல் பயணிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அலை இல்லாத இடத்தைத் தேடி இறங்குவது

முதல் நாள் அம்பாந்தோட்டை. நான் மேலே சொன்னதெல்லாம் அரைகுறையாகத் தெரிந்திருந்தும், சுமார் 40 கிலோமீட்டர் வேன் பிடித்துத் தங்காலைக்குப் போனோம். நப்பாசைதான். கரையில் நின்று பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவில் ஒரு பஸ் போகிற அகலத்துக்கு நுரையே இல்லை. தண்ணீர் சற்றுக் கருநீலமாக, மேலே மட்டும் லேசாகச் சுருக்கம் விழுந்து கிடக்கிறது. "இதோ, நமக்கென்றே விட்டு வைத்திருக்கிறார்கள்" என்று என் மைத்துனர் சட்டையைக் கழற்றினார்.

பக்கத்தில் ஒரு பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வரவில்லை, எங்களுக்குச் சிங்களம் வரவில்லை. அவர் எழுந்து வந்து, காலடியில் கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து அந்தக் கருநீலத்தில் வீசினார். பிறகு எங்களைப் பார்க்கவில்லை, மட்டையைத்தான் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மட்டை ஒரு நொடி ஆடி நின்றது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் நேராக உள்ளே போயிற்று. நான் இருபது எண்ணுவதற்குள் அலை உடையும் கோட்டைத் தாண்டிவிட்டது. மைத்துனர் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான். இருபக்கமும் அலை வந்து கரையில் குவிக்கும் நீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணலில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக எல்லாம் சேர்ந்து ஆறாக ஓடுகிறது. பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை அங்கே உடைவதில்லை, நுரையில்லை, அமைதி மாதிரித் தெரிகிறது. கடற்கரையில் பழகாத கண் பாதுகாப்பு என்று தேர்ந்தெடுப்பது மிகச் சரியாக மிக ஆபத்தான இடத்தைத்தான். இழுப்பு பலமான நேரத்தில் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல்காரரின் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்த்து நீந்திக் கரைக்கு வர முயல்பவர் களைத்துத்தான் மூழ்குகிறார். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு திரும்ப வேண்டும்.

எனவே எந்தக் கரைக்குப் போனாலும் துணி மாற்றும் முன் பத்து நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. உள்ளூர்க் குழந்தைகள் எங்கே குளிக்கிறார்கள், எங்கே குளிக்கவில்லை என்று கவனிக்க வேண்டும். வெறிச்சோடிய கடற்கரை கிடைத்ததே என்று மகிழ்வதும் ஒரு தவறுதான். ஊர் மக்கள் யாரும் இறங்காத கடலில் வெளியூர்க்காரர் இறங்கக் கூடாது.

தெற்கில் இன்னொரு சபலமும் வரும். கடல் கைவிட்டதே, பக்கத்தில் களப்பு (கடலோரக் காயல்) அசையாமல் கிடக்கிறதே, காலாவது நனைக்கலாமே என்று. அம்பாந்தோட்டை, புந்தல பக்கத்துக் களப்புகளில் முதலை உண்டு. கிழக்கில் அறுகம்பே அருகே 2017இல் பிரிட்டிஷ் இளைஞர் ஒருவரை முதலை இழுத்துச் சென்றது.

ஆழமில்லை என்பதால் அசந்து போவது

காங்கேசன்துறையில் இறங்கினால் காரைநகர் கசூரினா கடற்கரை. பொன்னாலைப் பாலம் தாண்டிப் போக வேண்டும். சவுக்கு மரங்கள், நீண்ட தூரம் இடுப்பளவுத் தண்ணீர். ஜூலையில் அலையே இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தால்தான் அங்கே இருக்கும் ஆபத்து பிடிபடும். கரை வடக்கைப் பார்த்திருக்கிறது. சோளகம் நம் முதுகுப் பக்கமிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலையை அடக்கும் அதே காற்று, மிதக்கும் எதையும் வெளியே தள்ளும். எங்கள் கண் முன்னால் ஒரு சிறுமியின் காற்றடைத்த நீல வளையம் கைநழுவியது. அப்பா எடுக்கப் போனார். முழங்கால், இடுப்பு, மார்பு. ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் வளையம் ஒரு சாண் தள்ளிப் போனது. நல்ல வேளை, கழுத்தளவில் அவருக்கு மகளை விட வளையம் பெரிதில்லை என்று உறைத்தது. காற்று கடலை நோக்கி வீசும் நாளில் மிதவைகளை வேனிலேயே விட்டுவிடுங்கள்.

அன்று என் மாமியார் கடலுக்கே வரவில்லை, கீரிமலையில் இறங்கிக்கொண்டார். கடலுக்கு ஒட்டினாற்போல் நன்னீர் ஊற்றுக் கேணி, பெண்களுக்குத் தனியாக. துறைமுகத்திலிருந்து அதிக தூரமில்லை. எங்கள் எல்லோரையும் விட நிம்மதியாகக் குளித்தவர் அவர்தான்.

சில்லறைத் தவறுகள் சில. சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது என்று தெரியும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடியைப் பார்த்து அது இன்னும் மோசம்போலும் என்று தள்ளிப் போய்க் குளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர் பார்வை இருக்கும், குளிக்க வேண்டிய இடமே அதுதான். புடவை, துப்பட்டா, ஜீன்ஸ் மூன்றும் நனைந்தால் ஆளை இழுக்கும். துப்பட்டா கரையிலேயே இருக்கட்டும். கப்பலில் குடித்துவிட்டு வந்து இறங்குபவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் சொறி (ஜெல்லிமீன்) மிதந்தால் அன்றைக்குக் குளியல் முடிந்தது.

எட்டு மணி நேரத்தை எட்டு மணி நேரம் என்று நினைப்பது

அட்டவணையில் எட்டு முதல் நான்கு என்று இருக்கும். குடிவரவு வரிசை தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு அரை மணி, சில கப்பல்களில் ஒரு மணி முன்னதாகவே ஏறியிருக்க வேண்டும். வழியில் டயர் பஞ்சரானால் என்று இன்னொரு மணி. மிஞ்சுவது ஐந்து. தங்காலைக்குப் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்தால் குளிக்க இரண்டரை. மிரிஸ்ஸ அதைப் போல இரு மடங்கு தூரம். உனவட்டுன இன்னும் தள்ளி, 100 கிலோமீட்டருக்கு மேல். பட்டியலில் முதலிடம் என்பதற்காக அங்கே போனவர் தண்ணீரில் நிற்கும்போதும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவசரமாக இறங்குபவர் கரையைப் பத்து நிமிடம் நின்று பார்ப்பதில்லை. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் பெரும்பாலும் காத்திருப்பார்கள். சொந்தமாக வண்டி பிடித்தவருக்காகக் கப்பல் நிற்காது.

தங்காலையில் எங்களுக்கு மிஞ்சிய அந்த இரண்டரை மணி நேரத்தைத் திரும்பும் வழியில் ஒரு தயிர்க் கடையில் செலவழித்தோம். அந்தப் பக்கம் எருமைத் தயிருக்குப் பேர் போனது. சாலையோரம் மண்சட்டிகளை அடுக்கித் தொங்கவிட்டிருப்பார்கள். கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரி இறுகிய தயிர், மேலே கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பாகு. மைத்துனர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். அந்த மட்டை இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று ஒருமுறை மட்டும் கேட்டார்.