டெபியன் வழுவை மூலத்திட்டத்திடம் கொண்டுசேர்ப்பது எப்படி?

போன காவடிக்கு மொரிசியஸில் எங்கள் ரோஸ் ஹில் கோவில் அழைப்பிதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு சிறிய உரைத்தொகுப்பியில் 'கோவில்' என்று தேடினால் பாதி இடங்கள்தான் அகப்பட்டன. கண்ணுக்கு ஒரே சொல்தான். ஆனால் ஒருவர் ஓகாரத்தை ஒரே குறியாக அடித்திருந்தார், இன்னொருவர் அனுப்பிய பகுதியில் அது இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக இருந்தது. யூனிக்கோடு விதிப்படி இரண்டும் சமம். அந்த நிரலின் தேடல் அப்படிப் பார்க்கவில்லை.

அந்த வழுவை, அதாவது நிரல் பிழையை, துரத்தப் போய்த்தான் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கும், அதிலுள்ள நிரல்களை எழுதும் மூலத்திட்டங்களுக்கும், அதாவது அப்ஸ்ட்ரீமுக்கும், நடுவில் தொண்டு செய்பவன் ஆனேன். வழுத்திருத்தங்களை மூல ஆசிரியர்களுக்குத் தெரிவிப்போம் என்று டெபியன் 1997-லேயே தன் சமூக ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கிறது. டெபியனில் நிறுவும்படி கட்டிவைத்த நிரலைப் பொதி என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்கள் பலர் கையில் பல பொதிகள் இருப்பதால் ஆள் போதவில்லை. டெபியன் வழுத்தளத்தில் வேலை செய்யக் கணக்கே வேண்டாம், மின்னஞ்சல் போதும். அது பொதுவில் தெரியும் என்பதால் தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தினமும் நீங்கள் பயன்படுத்தும் ஒரே ஒரு பொதியை எடுங்கள். அதன் திறந்த வழுக்களில் ஒன்றை உங்கள் கணினியில் மறுபடி நிகழ்த்திப் பாருங்கள்.

அடுத்த படியில்தான் நான் தடுக்கி விழுந்தேன். டெபியனின் நிலைப்பதிப்பில் (பெரிய மாற்றமில்லாமல் வைத்திருக்கும் வெளியீட்டில்) கண்ட வழுவை அப்படியே மூலத்திட்டத்துக்கு எழுதிவிட்டேன். "எட்டு மாதம் முன்பே சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வந்தது. அவர்கள் நேரம் வீண். இப்போது முதலில் மெய்நிகர் கணினியில் டெபியன் 'சிட்' (புதுப் பொதிகள் வந்துசேரும் வளர்ச்சிப் பதிப்பு) நிறுவிச் சோதிக்கிறேன். பிறகு மூலத்திட்டத்தின் கிட் களஞ்சியத்திலிருந்து (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடம்) புது மூலநிரலை எடுத்துத் தொகுத்துப் பார்க்கிறேன். டெபியனில் மட்டும் வழு இருந்தால், பெரும்பாலும் ஒன்று பதிப்பு பழையது, இல்லையென்றால் டெபியன் சேர்த்த பேட்ச் (நிரலில் செய்த மாற்றம்) காரணம். பொதியின் 'டெபியன்' அடைவுக்குள் பேட்ச்கள் தனியாக இருக்கும், அவற்றை நீக்கி அதே பதிப்பைத் தொகுத்தால் தெரிந்துவிடும். புது மூலநிரலிலும் இருந்தால் மட்டுமே அங்கே எழுதுங்கள்.

ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால் எந்தக் கமிட்டில் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) என்று, பாதி பாதியாக வெட்டித் தேடும் கிட் பைசெக்ட் கட்டளை வழியாகக் கண்டுபிடியுங்கள். ஆயிரம் கமிட் இருந்தாலும் ஏறக்குறைய 10 சோதனைதான். திருத்தத்தைத் தேடும்போது ஒவ்வொரு சோதனைக்கும் கொடுக்கும் 'குட்', 'பேட்' என்ற குறிகள் இரண்டும் தலைகீழாகிக் குழப்பும். தொடங்கும்போதே 'புரோக்கன்', 'ஃபிக்ஸ்டு' என்று உங்கள் சொற்களைக் கொடுத்துவிடுங்கள். நிலைப்பதிப்புக்குள் சிறிய, குறிப்பான திருத்தம்தான் போகும். அதனால் அந்த ஒரு கமிட் பராமரிப்பாளருக்குப் பொன் மாதிரி.

என் விஷயத்தில் தேடல் திருந்தியிருந்தது, 'தேடி மாற்று' மட்டும் புது நிரலிலும் தவறியது. அதை எழுதும்போது இரண்டு 'கோ'வையும் அருகருகே ஒட்டினால், தமிழ் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். யூனிக்கோடு எண்களோடு சிறு சோதனைக் கோப்பு இணைத்தேன். பிரெஞ்சில் மேலே கோடு போட்ட 'é' எழுத்தும் இப்படி இருவகையாக வரும் என்று காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்கள். பிரெஞ்சும் படித்து வளரும் நம் மொரிசியஸ் பிள்ளைகள் இந்த வேலையில் தயங்கவே வேண்டாம்.

கடைசியாகப் பதிவு. டெபியன் வழுத்தளத்துக்குக் கட்டளை அனுப்பும் 'கண்ட்ரோல்' மின்னஞ்சல் முகவரிக்கு, ஒரு வரியில் 'ஃபார்வர்டட்', வழு எண், மூலத்திட்ட அறிக்கையின் இணைப்பு. அடுத்த வரியில் 'அப்ஸ்ட்ரீம்' டேக் (அடையாளக் குறி). கட்டளைகள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். இவற்றை அனுப்ப 'பிடிஎஸ்' என்ற கருவியும் உண்டு. ஆனால் அதற்கு மின்னஞ்சல் அமைப்பைச் சரிசெய்யவே ஒரு மாலை போய்விடும், புதியவர்கள் கையால் எழுதுவதே மேல்.

பின்சேர்க்கை: தன் மின்னஞ்சல் கையொப்பத்தையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு பிழைச்செய்தி வருவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். கட்டளைகளுக்குக் கீழே 'தேங்க்ஸ்' என்று தனி வரி போடுங்கள். அதோடு வழுத்தளம் படிப்பதை நிறுத்திவிடும்.