'டேக் ஆன் மீ' பாடலை வாசிக்கவும் பாடவும் பழகும் முறை

நார்வேயின் 'ஆஹா' குழு பாடிய 'டேக் ஆன் மீ' பாடலைப் பழக முற்படுவோரில் பலர், பல்லவியின் கடைசியில் வரும் உச்சஸ்வரத்தையே முதலில் முயன்று, தொண்டை வலியோடு முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். என் பார்வையில், இப்பாடலின் கடினம் மேலே மட்டும் இல்லை, கீழேயும் இருக்கிறது.

எந்தப் பதிவைக் கேட்டுப் பழகுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 1984-இல் வெளிவந்த முதல் பதிவு எடுபடவில்லை. ஆலன் டார்னியின் தயாரிப்பில் மீண்டும் பதிவாகி, 1985 அக்டோபரில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பதிவே நமக்கு மாதிரி.

கீபோர்டு பகுதிக்கு மாக்னே ஃபூருஹோல்மெனின் வாசிப்பைக் கவனியுங்கள். பி மைனர், இ, ஏ, டி என்று நகரும் கார்டுகளின் மேல் அமைந்த, பாடலின் தொடக்கத்தில் வரும் இசைத்துணுக்கை, நான்கு அடிகள் கொண்ட ஒவ்வொரு சுற்றையும் எட்டு அரையடிகளாகப் பிரித்து எண்ணினால்தான் பிடிக்க முடியும். முதல் சுற்றின் ஐந்தாம், ஏழாம் அரையடிகளிலும், அடுத்த சுற்றின் முதலாம், மூன்றாம் அரையடிகளிலும் புதிய ஸ்வரம் எழுவதில்லை. அதாவது, தொடர்ந்து நான்கு தட்டுகளுக்கு ஸ்வரங்கள் தட்டிலிருந்து அரை இடம் தள்ளியே விழுகின்றன. அரை இடத்து எடுப்பில் கீர்த்தனை பாடிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 169 அடிகள் என்ற மூல வேகத்துக்கு உடனே போகாமல், சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 90-இல் வைத்து, காலால் தட்டிக்கொண்டே வாசித்து, தடுமாற்றம் நின்ற பிறகு சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுங்கள்.

இனிப் பாட்டு. ஏ ஸ்வரத்தை, அதாவது ஆறு கட்டையை, ஸட்ஜமாகக் கொண்டால், குழுவின் பாடகர் மோர்டென் ஹார்க்கெட் பல்லவியை மந்தர ஸட்ஜத்தில் தொடங்கி, ஒரே தாவலில் காகலி நிஷாதத்தைத் தொட்டு, மத்திய ஸட்ஜத்தில் நிற்கிறார். அங்கிருந்து படிப்படியாக ஏறித் தார பஞ்சமத்தில் முடிக்கிறார். மொத்த வீச்சு 31 அரைச்சுரங்கள், அதாவது இரண்டரை ஸ்தாயிக்குச் சற்று மேல். ஆகவே, கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திச் சுருதியைக் குறைத்தால் மேல்முனை எளிதாகும். ஆனால் தொடக்க ஸ்வரம் காற்றாகிவிடும். உங்களால் தெளிவாக ஒலிக்கக்கூடிய மிகத் தாழ்ந்த ஸ்வரத்தைக் கண்டறிந்து, அதையே தொடக்கமாக வைத்துச் சுருதியை அமையுங்கள். பெண்கள் முதல் ஸ்வரத்தை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொள்ளலாம். தாவலின் அழகு போய்விடும் என்றாலும் பாட்டைப் பாடிவிட முடியும்.

உச்சத்தில் ஹார்க்கெட் கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோ எனப்படும் மெலிந்த உயர்குரலுக்கு) மாறுகிறார். நெஞ்சுக்குரலை அதுவரை இழுத்துச் செல்லாமல், இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு முன்பே குரலை மெலிதாக்கினால் அந்த மாற்றம் உடைந்து கேட்காது. இதைப் பழக, 2017-இல் குழுவினர் நார்வேயின் கிஸ்கே தீவில் நிகழ்த்திய மெதுவான பதிவு பெரிதும் உதவும்; சிந்தசைசரின் ஓட்டம் இல்லாததால், குரல் எங்கே மாறுகிறது என்பது அதில் தெளிவாகக் கேட்கிறது.

இசைத்தட்டில் பல்லவி மீண்டும் மீண்டும் ஒலித்து மெல்லத் தேய்ந்து மறைகிறது. மேடையில் அதற்கு வழியில்லாததால், தொடக்க இசைத்துணுக்கை இன்னொரு முறை வாசித்து, ஏ மேஜர் கார்டில் முடித்துக்கொள்ளுங்கள்.