டர்பனில் திவால் மனு: கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

என் கணவர் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பள்ளிக் குழந்தைகளுக்கு வேன் ஓட்டி வந்தார். தொழில் நின்றுபோனதும் கடன் 4,20,000 ரேண்டில் வந்து நின்றது. வழக்கறிஞரோடு சேர்ந்து எல்லாத் தாள்களையும் நானே தயாரித்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கடன்களை எழுதுங்கள். இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டும் பிரிப்பான் வைத்த கோப்பும் போதும். திவால் சொத்துகளை மேற்பார்வையிடும் மாஸ்டர் அலுவலகம் (உயர் நீதிமன்றத்தைச் சார்ந்தது) கேட்பது காகிதத்தைத்தான். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பார்த்தால் நீங்கள் மறந்துபோன கடைக் கணக்கும் அதில் இருக்கும்.

பிறகு மாற்று வழிகளைப் பாருங்கள். மொத்தக் கடன் 50,000 ரேண்டுக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், தவணையாகக் கட்ட வழிசெய்யும் நிர்வாக ஆணை கேட்கலாம். மாதச் சம்பளம் தவறாமல் வருபவருக்கு என் முதல் பரிந்துரை டெட் ரிவ்யூ என்ற கடன் மறுஆய்வுதான். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, பதிவு பெற்ற கடன் ஆலோசகர் தவணைகளைக் குறைத்து நீதிமன்ற ஆணை பெறுவார். அது முடியும்வரை புதுக் கடன் வாங்க முடியாது. வழக்குப் போடும் முன் கடன் கொடுத்தவர் அனுப்பும் 129ஆம் பிரிவுக் கடிதம் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். அந்தக் கடனுக்குச் சம்மன் வந்துவிட்டால் அதை டெட் ரிவ்யூவில் சேர்க்க முடியாது. கடிதத்துக்குப் பின் உங்களுக்கு இருப்பது பத்து வேலை நாட்கள். எங்கள் வீட்டில் வருமானமே இல்லாததால் இந்த வழி அடைபட்டது.

இனித் திவால் கணக்கு. 1936ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி சொத்தைத் தாமாக ஒப்படைக்கும் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. நம் கஷ்டம் எவ்வளவு பெரிது என்பது நீதிபதிக்குப் போதாது. கடன் கொடுத்தவர்களுக்கு இதனால் ஏதாவது கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. எங்கள் கணக்கு இது: கடன் தீர்ந்த வேன் முதலியவற்றின் மதிப்பு 1,30,000. வழக்குச் செலவும், சொத்தை விற்றுப் பங்கிடும் ட்ரஸ்டியின் செலவும் 60,000. மிச்சம் 70,000. அதாவது கடனில் ஒவ்வொரு ரேண்டுக்கும் பதினாறு சென்ட் சொச்சம். பத்து சென்ட்டுக்குக் கீழே போனால் மனு நிற்பது கடினம். சில நீதிமன்றங்கள் இருபது எதிர்பார்க்கின்றன. வங்கிக் கடனில் ஓடும் காரை இதில் சேர்க்காதீர்கள், அதன் விலை முதலில் வங்கிக்கே போகும். விற்க எதுவும் இல்லாதவருக்கு இந்த மனு பயன்படாது. அதை வழக்கறிஞருக்கு முன்பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்ளும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அறிவிப்பு. அரசிதழிலும் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் ஒப்படைப்பு அறிவிப்பு வர வேண்டும். மனு விசாரணை நாளுக்கு 14 நாட்களுக்குக் குறையாமலும் 30 நாட்களுக்கு மேற்படாமலும் முன்பே அது வெளிவர வேண்டும். எங்கள் செய்தித்தாள் விளம்பரம் தாமதமாக வந்ததில் 14 நாள் கணக்கு உடைந்தது; செலவழித்து மறுபடியும் போட்டோம். கடைசி நாளை நம்பி நாள் குறிக்காதீர்கள். வெளியான ஏழு நாட்களுக்குள் கடன் கொடுத்தவர்களில் முகவரி தெரிந்த எல்லோருக்கும், வருமான வரித் துறைக்கும் நகல் அனுப்ப வேண்டும். சொத்து விவரப் பத்திரம் 14 நாட்கள் மாஸ்டர் அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கும். பாதியில் பின்வாங்க நினைத்தால் மாஸ்டரின் சம்மதம் வேண்டும்.

நான் தடுக்கி விழுந்த இடம். எங்களுடையது ஒப்பந்தம் எழுதித் தனிச்சொத்தாகப் பதிவு செய்த திருமணம். ஆகவே என் நகைக்கு ஆபத்தில்லை என்று நம்பியிருந்தேன். திவால் சட்டத்தின் 21ஆம் பிரிவு அப்படி விடவில்லை. கடன் படாத துணையின் சொத்தும் முதலில் ட்ரஸ்டியின் கைக்குப் போகிறது. தன்னுடையது என்று காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். அம்மா கிரே ஸ்ட்ரீட்டில் எனக்கு வாங்கிக் கொடுத்த வளையல்களுக்கு ரசீது எங்கே இருக்கும்? திருமணத்துக்கு முந்தைய தைப்பூசப் படம் ஒன்றில் அவை என் கையில் இருந்தன. அந்தப் படத்தையும் சித்தியின் பிரமாண வாக்குமூலத்தையும் கொடுத்து மீட்டேன். வாக்குமூலத்தில் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாக முத்திரை வாங்கலாம். தாலி கணவர் வீட்டார் கொண்டுவந்தது. அதை மறைக்காமல் தனி வரியில் எழுதினேன். ட்ரஸ்டி அதைக் கேட்கவில்லை. எதையும் மறைக்காதீர்கள். பழைய படங்களை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

ஆணைக்குப் பின். உடுப்பு, படுக்கை, அத்தியாவசியச் சாமான்கள் வீட்டிலேயே இருக்கும். ஓய்வூதிய நிதிக்கும் பாதுகாப்பு உண்டு. கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. பத்தாண்டுகளில் திவால்நிலை தானாக நீங்கும். பொதுவாக நான்கு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் கேட்டு அதை முன்பே நீக்கிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து ஒரு சகோதரி கேட்டார்: "எங்கள் கல்யாணம் கோயிலில் மட்டும் நடந்தது, பதிவு செய்யவில்லை. அப்படியானால் என் சொத்து தப்புமா?" தப்பாது அம்மா. வழக்கப்படி நடந்த திருமணமும், திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வதும்கூட 21ஆம் பிரிவில் அடங்கும். பொதுச்சொத்துத் திருமணமானால் இருவரின் சொத்தும் ஒன்றாகவே போகும்.

இன்னொன்று: மூன்றாண்டுகளாகப் பணம் கட்டாமல், ஒப்புக்கொள்ளாமல், சம்மனும் வராமல் கிடக்கும் கடைக் கடன் காலாவதியாகியிருக்கலாம். வீட்டுக் கடனுக்கும் தீர்ப்பான கடனுக்கும் இது பொருந்தாது, அவற்றுக்கு முப்பது ஆண்டுகள். வசூல்காரர் தொலைபேசியில் "ஐம்பது ரேண்டாவது போடுங்கள்" என்று கெஞ்சினால் உடனே போட்டுவிடாதீர்கள். மூன்றாண்டு முடியும் முன் அந்த ஐம்பதைக் கட்டினால் காலக்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.