முகக் கிரீமில் தண்ணீர் சேர்ப்பவர்கள் கவனத்திற்கு

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில், வீட்டிலேயே முகக் கிரீம் செய்யும் முறையைச் சில ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் வகுப்புக்கு வந்த ஒரு பெண், தாம் செய்த கற்றாழைக் கிரீமை மகிழ்ச்சியோடு எடுத்து நீட்டினார். மூடியைத் திருகியதும் புளித்த மோரின் வாடை எழுந்தது. மூடியின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாக நின்றது; டப்பாவின் விளிம்பை ஒட்டி, மிளகுத்தூள் தூவியதுபோல் மூன்று நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தன. "என்ன பிரிசர்வேட்டிவ் போட்டீங்க?" என்று, கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருளைப் பற்றிக் கேட்டேன். "ஒண்ணுமே போடலைங்க மேடம், இது நேச்சுரல்" என்றார். ஒரு காலத்தில் நானும் அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான், வீட்டில் கிரீம் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறுகளை இங்கே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். கை கழுவுவதையும் பாத்திரத்தை உலர்த்துவதையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் உண்டு, பிரிசர்வேட்டிவ் இல்லை

2016ஆம் ஆண்டு நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருபவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக, பாதாம் எண்ணெய், ஷியா பட்டர், பன்னீர், அன்றைக்கே வெட்டி எடுத்த கற்றாழைச் சோறு ஆகியவற்றைக் கொண்டு 32 டப்பாக்கள் கிரீம் செய்தேன். வெண்ணெய்போல் வந்திருந்ததைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் என் நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, "அண்ணி, டப்பாவைத் திறந்தா ஒரு மாதிரி வாடை வருது, மேல சாம்பல் கலர்ல ஏதோ படிஞ்சிருக்கு" என்றாள். அன்று மாலை முழுவதும் ஒவ்வொரு வீடாக அழைத்து, அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த தெருவில் இருந்த ஒரு பெண்மணிக்குக் கன்னமெல்லாம் சிறு கொப்புளங்கள் வந்து, தோல் மருத்துவரிடம் போயிருந்தார். செலவான பணத்தைவிட, அந்த முகத்தை நேரில் பார்த்ததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சென்னையில் இட்லி மாவை இரவு கரைத்து மேடையில் வைத்தால், காலையில் பொங்கி வழிகிறது. நாம் எதையும் சேர்க்காமலேயே, ஈரமும் சத்தும் வெப்பமும் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிவிடுகின்றன என்பதை இந்த ஊரில் சமைக்கும் ஒவ்வொருவரும் தினமும் பார்க்கிறோம். கற்றாழைச் சோறும் பன்னீரும் கலந்த கிரீமும் அப்படி ஈரமும் சத்தும் நிறைந்த பொருள்தான். அதே சமையலறை அலமாரியில் அது மட்டும் ஒரு மாதம் கெடாமல் இருக்கும் என்று எப்படி நம்புகிறோம்? பூசணம் கண்ணுக்குத் தெரிவதாவது நல்லது. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள், நிறமோ வாடையோ மாறுவதற்கு முன்பே பெருகியிருக்கக்கூடும். அந்தக் கிரீமைக் கண்ணுக்கு அருகிலும் பருக்கள் உடைந்த இடத்திலும் தடவுகிறோம்.

இதைச் சொன்னதும் வரும் முதல் பதில், வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறேன் என்பதுதான். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு வாடை பிடிப்பதைத் தாமதப்படுத்தும். நுண்ணுயிர்களை அது தடுக்காது. வேப்பிலைப் பொடி, துளசிப் பொடி, கஸ்தூரி மஞ்சள் ஆகியவற்றைச் சேர்ப்பவர்கள், அந்தப் பொடிகளோடு மண்ணிலிருந்து வந்த கிருமிகளையும் சேர்த்தே கலக்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் சேர்த்தேன் என்பார்கள் சிலர். அது உண்மையே. ஆனால் மறுநாள் காலையில் விரலை உள்ளே விட்டதும் அந்தச் சுத்தம் போய்விடுகிறது. குளிர்பதனப் பெட்டி கெடுவதைச் சில நாட்கள் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

நூறு கிராம் கிரீமுக்கு, பீனாக்ஸிஎத்தனால் என்னும் பிரிசர்வேட்டிவ் அடங்கிய கலவை பெரும்பாலும் ஒரு கிராமுக்கு மேல் தேவைப்படாது. கிரீம் 40 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு, அந்தப் பொருளோடு வரும் குறிப்பில் உள்ள அளவைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோவேட் ஆகிய பிரிசர்வேட்டிவ்களை விரும்புபவர்கள், அவை அமிலத்தன்மையில்தான் வேலை செய்யும் என்பதால், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை நனைத்து, அளவு 5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிசர்வேட்டிவ் எதையும் சேர்க்க மனம் ஒப்பவில்லை என்றால், தண்ணீரையும் சேர்க்காதீர்கள். எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் உருக்கிச் செய்யும் தைலக்களிம்பு, ஈரக்கை படாமல் வைத்திருந்தால், மாதக்கணக்கில் கெடாது.

தேன்மெழுகு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் என்று எண்ணுவது

பிடிக்காது. தேன்மெழுகு கெட்டிப்படுத்தும்; ஆனால் அது மட்டுமே எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலந்து நிறுத்தாது. ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடையில் நல்ல தேன்மெழுகை வாங்கி வந்து, பன்னீரை ஊற்றி அடித்துவிட்டு, இரண்டாம் நாள் அடியில் நீர் தேங்கியதும் மெழுகு போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். இதற்கென்று எமல்சிஃபையிங் வாக்ஸ் தனியாக உண்டு. நீர்ப்பகுதி, எண்ணெய்ப்பகுதி இரண்டையும் தனித்தனியே 70 டிகிரி வரை சூடாக்கிய பிறகே ஒன்றாக ஊற்ற வேண்டும். சூடான எண்ணெயில் ஆறிய பன்னீரை ஊற்றினால் மெழுகு உடனே உறைந்து ரவை ரவையாகத் திரியும்.

கரண்டியால் அளப்பது

ஒரு கிராமைக் கரண்டி காட்டாது. தராசு வாங்குங்கள்.

குளிர்நாட்டுச் செய்முறைகள்

குளிர்நாடுகளில், உறைந்த தேங்காய் எண்ணெயை அடித்து நுரைக்க வைக்கும் கிரீமின் படங்களைக் காட்டி, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்திலேயே உருகிவிடும். சென்னையில் மார்கழி விடியற்காலைகள் சிலவற்றைத் தவிர, அது உறைவதே அரிது. இங்கே களிம்பு செய்பவர்கள் ஐந்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு எடுத்துக்கொள்ளலாம்; அக்னி நட்சத்திரத்தில் நான்கு பங்குக்கு ஒன்று.

எலுமிச்சைச் சாறு

சேர்க்கவே வேண்டாம். சாறு பட்ட தோலோடு வெயிலில் சென்றால் கருந்திட்டுகள் விழக்கூடும்.

உடனே விற்கத் தொடங்குவது

முதல் டப்பா நன்றாக வந்ததும் பலரும் விலைச்சீட்டு ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நம் நாட்டில் விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க, 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும்; சமையலறையில் செய்தாலும் அதே விதிதான்.